அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

1. மாமா கொண்டு வந்த செய்தி

எங்கள் ஊர் ராமாபுரம். ஹனூர் பக்கம் இருக்கிறது. 1956-க்கு முன் எங்கள் கொள்ளேகால் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. நாங்கள் அதில் வந்துவிட்டோம். மாவட்டம் மாறினாலும் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். வேலை தேடிப் போவது மைசூருக்குத்தான்.

என் மாமா கொத்தனார். அவருக்கு வயது 52. மைசூரில் 25 வருடம் சுவர் கட்டியிருக்கிறார். அங்கே அவருக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. அத்தை கறவை மாடு வைத்திருக்கிறார். பால் விற்று, செலவு போக, மாதம் 7,000 ரூபாய் மிச்சம் பிடிப்பார். இருவரும் சேர்த்து வைத்த பணம் 8 லட்சம் ரூபாய்.

அத்தை எங்கள் மாலை வகுப்பில் படித்தவர். முன்பு கைநாட்டு வைப்பார். இப்போது கையெழுத்துப் போடுகிறார். பால் கணக்கைத் தானே எழுதுகிறார்.

ஒரு சனிக்கிழமை மாமா மைசூரிலிருந்து வந்தார். முகத்தில் சந்தோஷம். போனில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார்.

"மைசூர்ல ஒரு வீடு அமைஞ்சிருக்குது. ஹூட்டகள்ளி தாண்டி ஒரு கிராமம். இருபதுக்கு முப்பது சைட். ரெண்டு ரூம். 18 லட்சம்தான். வாடகைக்கு விட்டா வயசான காலத்துல நமக்குச் சோறு போடும்."

"ஏனுங்க, அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?" என்றார் அத்தை.

"8 லட்சம் நம்மகிட்ட இருக்குது. மீதிக்கு லோன் போடலாம். திங்கக்கிழமை ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுக்கணும். வேற ஆளு ரெடியா இருக்கிறாங்களாம்."

"காகிதம் பாத்தீங்களா?"

மாமா சிரித்தார். "சுவரைப் பாத்தேன். நல்ல சுவர். காகிதமெல்லாம் தரகர் பாத்துக்குவாரு."

அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கண்ணு, நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா" என்றார்.

2. மாமாவின் எண்ணம் தவறா?

மாமா நினைத்தது முழுத் தவறு அல்ல. மைசூரின் அந்தப் பக்கத்தில் தொழிற்சாலைகள் அதிகம். ஹெப்பாள் தொழிற்பேட்டை இருக்கிறது. பெமல் ஆலை இருக்கிறது. 1996-ல் வந்த ரூபாய் நோட்டு அச்சகம் மேட்டகள்ளியில் இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வளாகமும் உண்டு. 2023 மார்ச் மாதம் பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலை திறக்கப்பட்டது. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க வீடு வேண்டும். நகரத்துக்குள் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் சிறு முதல் உள்ளவர்கள் நகரத்தின் ஓரத்துக்குப் போகிறார்கள்.

ஆனால் ஓரத்தில் விலை ஏன் குறைவு? தூரம் ஒரு காரணம். தண்ணீர், சாக்கடை, பஸ் வசதி குறைவாக இருப்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணமும் உண்டு. சில இடங்களில் காகிதம் சரியாக இருக்காது. முதல் இரண்டு குறைகளும் நாளாக ஆகச் சரியாகலாம். மூன்றாவது தானாகச் சரியாகாது.

ஆகவே நாங்கள் இரண்டு வேலை செய்தோம். முதலில் கணக்குப் போட்டோம். பிறகு காகிதம் கேட்டோம்.

3. கணக்கு

வீட்டு விலை 18 லட்சம். செலவு அதோடு நிற்காது. பதிவு செய்யவும் பணம் வேண்டும். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 5 ரூபாய். அதன் மேல் சிறு வரிகள் உண்டு. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ரூபாய் ஆனது. எல்லாம் சேர்த்தால் கிராமப் பகுதியில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 ரூபாய் 65 காசு.

அத்தை நோட்டில் எழுதினார்:

வீட்டு விலை - ரூ.18,00,000
முத்திரை, பதிவு - ரூ.1,37,700
தரகு - ரூ.18,000
வக்கீல், போக்குவரத்து, சில்லறை ரிப்பேர் - ரூ.44,300
மொத்தம் - ரூ.20,00,000

18 லட்சம் என்று சொன்ன வீடு 20 லட்சம் ஆகிவிட்டது.

அடுத்தது வரவு. அந்தப் பக்கம் அப்படிப்பட்ட வீட்டுக்கு 6,000 ரூபாய் வாடகை வரும் என்று மாமா சொன்னார். வருடத்தில் ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும். அதனால் 11 மாதம் என்று வைத்துக்கொண்டோம்.

வாடகை 11 மாதம் - ரூ.66,000
வரி, ரிப்பேர் - ரூ.10,000
கையில் மிஞ்சுவது - ரூ.56,000

20 லட்சம் போட்டால் வருடத்துக்கு 56,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 2 ரூபாய் 80 காசு.

இப்போது கடன். 20 லட்சத்தில் 8 லட்சம் சொந்தப் பணம். 12 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9, தவணைக் காலம் 15 வருடம் என்று வைத்தோம். மாதத் தவணை 12,171 ரூபாய் வந்தது.

வாடகையில் மாதத்துக்கு மிஞ்சுவது 4,666 ரூபாய். தவணை 12,171 ரூபாய். மாதம் 7,505 ரூபாய் குறைகிறது.

அத்தை அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். "இது என்னோட பால் பணத்துக்கும் மேலே" என்றார். 15 வருடத்துக்கு மாட்டுப் பால் முழுவதும் அந்த வீட்டுக்கே போகும். அப்போது மாமாவுக்கு வயது 67 ஆகியிருக்கும். மாடு நோயில் விழுந்தால் தவணை நிற்காது. மாமா சாரத்திலிருந்து விழுந்தாலும் நிற்காது.

மாமா விடவில்லை. "வாடகை ஏறாதா? நிலத்து விலை ஏறாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஏறலாம். நிலம் வாங்கிப் பிழைத்தவர்கள் பலர் உண்டு. ஆனால் தவணை முதல் மாதமே வந்து நிற்கும். விலை ஏற்றம் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. காகிதம் சரியாக உள்ள இடத்தைத்தான் பின்னால் நல்ல விலைக்கு விற்க முடியும். ஆகவே கணக்கிலிருந்து காகிதத்துக்கு வந்தோம்.

4. என்னென்ன காகிதம் கேட்க வேண்டும்?

கிரயப் பத்திரம்: விற்பவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்று சொல்வது இது. அவருக்கு முன் யார், அதற்கு முன் யார் என்ற பழைய பத்திரங்களும் வேண்டும். 30 வருடத்துக்காவது பார்ப்பது நல்லது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலம்தான் விற்க வேண்டும். வெறும் பவர் பத்திரம் எழுதி வாங்கினால் சொத்து நம்முடையது ஆகாது. இதை உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொன்னது.

வில்லங்கச் சான்று: இதை இ.சி. என்பார்கள். அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் இதில் தெரியும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் இருந்து கிடைக்கும். கர்நாடக அரசின் காவேரி இணையதளத்திலும் கேட்கலாம். பதிவு ஏதாவது இருந்தால் பாரம் 15 வரும். ஒன்றும் இல்லையென்றால் பாரம் 16 வரும். பதிவு செய்யாத கைக்கடன், கோர்ட் வழக்கு ஆகியவை இதில் தெரியாமல் போகலாம். அதனால் அசல் பத்திரத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். அசல் அடகில் இருந்தால் கையில் இருக்காது.

காத்தா: வரி கட்டுவது யார் என்று பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ உள்ள பதிவு. கிராமப் பஞ்சாயத்தில் இ-சொத்து முறையில் பாரம் 9, பாரம் 11 தருவார்கள். பலர் காத்தாவைக் காட்டி, "பாருங்க, என் பேரு" என்பார்கள். காத்தா வரிக்கான பதிவு மட்டுமே. அது பத்திரத்துக்கு ஈடாகாது. பாரம் 11-ல் 'பி' என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நிலமாற்று உத்தரவு: இதைக் கன்வர்ஷன் என்பார்கள். விவசாய நிலத்தில் வீடு கட்டப் பொதுவாக டெபுடி கமிஷனர் அனுமதி வேண்டும். 1964-ம் வருடத்துக் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் இதைச் சொல்கிறது. அனுமதி இல்லாமல் வயலைத் துண்டு போட்டு விற்பதுதான் ரெவின்யூ சைட். விலை மலிவாக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

லே-அவுட் அங்கீகாரம்: மைசூரைச் சுற்றி இதைத் தருவது வளர்ச்சி ஆணையம். முன்பு இதை மூடா என்பார்கள். இந்த அங்கீகாரம் வெறும் முத்திரை அல்ல. பிளேக் நோய் வந்து ஜனங்கள் செத்த காலத்தில், 1903-ல், மைசூரில் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்தார்கள். நெருக்கமான தெருக்களை அகலமாக்கினார்கள். சாக்கடை போட்டார்கள். அங்கீகாரம் பெற்ற லே-அவுட்டில் சாலைக்கும் சாக்கடைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டிருப்பார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் அந்த இடத்தையும் விற்றிருக்கலாம்.

ரேரா எண்: புதிய லே-அவுட், புதிய அடுக்கு வீடு என்றால் 2016-ம் வருடத்து ரேரா சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள திட்டங்களுக்கு இது பொருந்தும். இதில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

மானிய நிலமா?: தலித், பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை அரசு அனுமதி இல்லாமல் விற்க முடியாது. 1978-ம் வருடத்துக் கர்நாடகச் சட்டம் அந்த ஏழைகளின் நிலத்தைக் காப்பாற்ற வந்தது. மீறி விற்றால் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். வாங்கியவர் பணத்தை இழப்பார். இதை வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

இவ்வளவையும் நாமே முடிவு செய்ய முடியாது. வீட்டைக் காட்டிய தரகர் சொல்லும் வக்கீலிடம் போகாமல், நாமாக ஒரு வக்கீலைத் தேடிப் போக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் வீண் அல்ல.

5. நாங்கள் படித்தது

அத்தை சொன்னபடி மாமா தரகருக்குப் போன் செய்தார். "முதல்ல அட்வான்ஸ், அப்புறம் ஜெராக்ஸ்" என்றார் தரகர். போனை அத்தை வாங்கினார். "ஜெராக்ஸ் வராம ஒரு ரூபாயும் வராதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். சாயங்காலம் மூன்று காகிதங்களின் படம் போனுக்கு வந்தது.

கம்ப்யூட்டர் சென்டரில் இ.சி.க்கு எழுதிப் போட்டோம். அது வர நான்கு நாள் ஆனது. திங்கட்கிழமை கடந்து போனது. அந்த நான்கு நாளும் மாமா யாரோடும் சரியாகப் பேசவில்லை. "வீடு கைவிட்டுப் போயிடும், பாரு" என்று மட்டும் சொன்னார்.

காகிதங்கள் எல்லாம் கன்னடத்தில் இருந்தன. தாத்தா காலத்துப் பத்திரம் தமிழில் இருந்தது. இப்போது அப்படி இல்லை. அத்தைக்குக் கன்னட எழுத்து தெரியாது. அவர் மகள் கன்னடப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். அவள் உரக்கப் படித்தாள். அத்தை விரலை வைத்து எண்களைச் சரிபார்த்தார். சைட் எண், நீளம், அகலம், தேதி. பத்திரத்தில் உள்ள எண்ணும் வரி ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா? ஒன்றுதான்.

இ.சி.யில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, இப்போதைய சொந்தக்காரர் வாங்கியது. இரண்டாவது வரியைப் படித்ததும் அவள் நிறுத்தினாள்.

"அம்மா, இதுல அடமானம்னு இருக்குது. 2021-ல 6 லட்சம். ஒரு சொசைட்டியில வெச்சிருக்கிறாங்க."

"மீட்டதுன்னு எங்கேயாவது இருக்குதா?"

அவள் மறுபடியும் மேலிருந்து கீழே படித்தாள். இல்லை.

கடன் கட்டாத வீட்டை வாங்கினால் கடனும் வீட்டோடு வரும். சொசைட்டி அந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டு வரலாம். நிலமாற்று உத்தரவும் அந்த மூன்று காகிதத்தில் இல்லை. வங்கியில் விசாரித்தோம். அந்த உத்தரவு இல்லாமல் கடன் கிடைக்காது என்றார்கள். கடன் கொடுக்கிற வங்கியே ஒரு சொத்தைத் தொடத் தயங்கினால், அது நமக்கு ஓர் எச்சரிக்கை.

மாமா தரகரைக் கேட்டார். "வித்த பணத்துல அடைச்சிடுவாங்க. இதெல்லாம் சகஜம்" என்றார் அவர்.

அப்படியும் செய்வது உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவர் கடன் பணத்தை நேராகச் சொசைட்டிக்குக் கட்ட வேண்டும். அடமானம் தீர்ந்ததைப் பதிவு செய்ய வேண்டும். அசல் பத்திரம் கைக்கு வர வேண்டும். அதன் பிறகே மீதிப் பணம். மாமா இதைக் கேட்டார். நிலமாற்று உத்தரவையும் கேட்டார். அதற்குப் பிறகு தரகரிடமிருந்து போன் வரவில்லை.

6. இடத்தைப் பார்க்கும் போது

கணக்கும் காகிதமும் சரியாக இருந்தாலும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். ஒரு முறை போதாது. பகலில் ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை போங்கள்.

குழாயில் தண்ணீர் வருகிறதா, லாரித் தண்ணீரா என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தெருவில் எத்தனை வீட்டில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது என்று எண்ணுங்கள். பலகை அதிகம் என்றால் ஆள் குறைவு. இருபதுக்கு முப்பது என்றால் டேப் வைத்து அளந்து பாருங்கள். சுவரில் விரிசல், கூரையில் ஒழுக்கு பார்க்க ஒரு கொத்தனாரை அழைத்துப் போங்கள்.

பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இருக்காது. "பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்கட்டும். இருவரும் சேர்த்த பணம் அல்லவா?

7. பிறகு

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டதாக மாமா கேள்விப்பட்டார். ஒரு வாரம் மனம் சரியில்லை. "போச்சு" என்றார்.

"வீடுதானுங்க போச்சு. நம்ம 8 லட்சம் இருக்குது" என்றார் அத்தை.

இப்போது அந்தப் பணம் வங்கியில் இருவர் பேரிலும் வைப்பு நிதியாக இருக்கிறது. நூற்றுக்கு 6 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 48,000 ரூபாய். 20 லட்சம் போட்டு வாங்கும் வீட்டின் வாடகைக்கும் இதற்கும் 8,000 ரூபாய்தான் வித்தியாசம். தவணை கிடையாது. அத்தையின் பால் பணம் அத்தையிடமே இருக்கிறது.

மாமா ஆசையை விடவில்லை. விடவும் வேண்டாம். அங்கீகாரம் உள்ள லே-அவுட்டில் சிறிய சைட் ஒன்று, கடன் குறைவாக வாங்கி எடுக்க முடியுமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு தரகர் போன் செய்தார். மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இ.சி. இருக்குதுங்களா?"

அத்தை இப்போது மகளிடம் கன்னட எழுத்துப் படிக்கிறார்.

சொல் தெரிந்துகொள்வோம்

கிரயம் - விலைக்கு விற்பது, வாங்குவது
வில்லங்கம் - சொத்தின் மேல் உள்ள கடன், தடை
அடமானம் - கடனுக்குச் சொத்தை ஈடு வைப்பது
காத்தா - வரி கட்டுபவர் பேர் உள்ள பதிவு
தவணை - கடனை மாதா மாதம் கட்டும் தொகை

விடை எழுதுங்கள்

1. 18 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு ஆனது? ஏன்?
2. காத்தா இருந்தால் போதுமா? பத்திரமும் வேண்டுமா?
3. இ.சி.யில் அத்தை தேடிய சொல் எது? அது ஏன் முக்கியம்?
4. மாத வாடகை 5,000 ரூபாய். வருடத்தில் ஒரு மாதம் காலி. வரி, ரிப்பேர் 7,000 ரூபாய். கையில் மிஞ்சுவது எவ்வளவு?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பத்திரத்தையோ வரி ரசீதையோ எடுங்கள். சர்வே எண் அல்லது வீட்டு எண், நீளம், அகலம், தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். இரண்டு காகிதத்திலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் வகுப்பில் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து பேசுவோம்.